வடசென்னையில் ஒரு தூக்கு கேஸ்: முதல் படம் எடுக்க வரும் தம்பிக்கு

ராயபுரத்திலிருந்து ஓர் உதவி இயக்குநர் கேட்டிருக்கும் கேள்வி இது. முதல் படத்துக்குக் கதை எழுதி வைத்திருக்கிறார். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் இளைஞன்தான் நாயகன். போட் ஓனர் ஒருவரும் அவர் மனைவியும் வீட்டுக்குள் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கில் மாட்டுகிறான். செஷன்ஸ் கோர்ட் தூக்கு விதிக்கிறது. அவன் செய்தானா இல்லையா என்பது பார்ப்பவர்களுக்குக் கடைசிவரை தெரியாது. தூக்குக்கு முந்தின ராத்திரி உண்மையான கொலையாளி வாய் திறக்க, வக்கீல் தடை உத்தரவை எடுத்துக்கொண்டு சிறைக்கு ஓடுகிறார். "சார், இது நம்புற மாதிரி இருக்கா? இல்லேன்னா நிஜத்துல எப்படி நடக்கும்?" என்பது கேள்வி.

ஜார்ஜ் டவுன் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளிலும், ஹைகோர்ட் வளாகத்துக்குள் இருக்கும் செஷன்ஸ் கோர்ட்டுகளிலும் கிரிமினல் கேஸ் நடத்துகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் ராத்திரி ஓட்டத்தை நம்பலாம் தம்பி. அந்த உண்மைக் கொலையாளியைத்தான் நம்ப முடியவில்லை.

ராத்திரி கோர்ட் கூடியதெல்லாம் நடந்ததுதான். 2015 ஜூலை 30 அன்று, மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தூக்கு பெற்ற யாகூப் மேமனுக்காக உச்ச நீதிமன்றம் விடிகாலை மூன்று மணிக்கு மேல் கதவைத் திறந்து விசாரித்தது. மனு தள்ளுபடியாகி, அன்று காலையே நாக்பூரில் தூக்கு. 2020 மார்ச் 20 அன்று டெல்லி மாணவி வழக்கில் நான்கு பேருக்கும் அதே கதைதான். இரண்டு ராத்திரியும் யாரும் புதிதாக வந்து "நான்தான் கொன்றேன்" என்று சொல்லவில்லை. வக்கீல்கள் பேசியது பெரும்பாலும் கருணை மனு, அதை முடிவு செய்த முறை, கொடுத்த கால அவகாசம், இவை பற்றித்தான்.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவருக்கும் 2011 செப்டம்பர் 9 என்று தேதி குறித்துவிட்டார்கள். ஆகஸ்ட் 28 அன்று, மூவரையும் தூக்கிலிடக் கூடாது என்று காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்தார். ஆகஸ்ட் 30 அன்று நம் பாரிமுனை ஹைகோர்ட் எட்டு வாரத் தடை கொடுத்தது. சட்டமன்றம் தண்டனையைக் குறைக்கச் சொல்லித் தீர்மானம் போட்டதும் அதே நாளில்தான். அந்தத் தடைக்குக் காரணம் கருணை மனு பதினோரு வருடம் கிடப்பில் கிடந்தது. குற்றம் செய்தார்களா இல்லையா என்ற பேச்சே அங்கே எழவில்லை. 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்ததும் அதே தாமதக் காரணத்துக்காகத்தான்.

அதாவது, கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்ட கேஸில் "இவன் செய்தானா?" என்று கேட்க யாரும் இல்லை. அந்தக் கேள்விக்குக் கோர்ட்டைப் பொறுத்தவரை பதில் எப்போதோ எழுதியாயிற்று. சரி, எங்கே எழுதினார்கள்? கொலை நடந்த முதல் மூன்று நாளில், ஸ்டேஷன் மேஜையில். உங்கள் படத்தின் கனமான பகுதி அங்கேதான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. தூக்கு விதித்து, பிறகு மேல்கோர்ட் விடுதலை செய்த வழக்குகளை எடுத்துப் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். புதிய சாட்சியோ புதிய குற்றவாளியோ வருவதில்லை. முதல் நாளிலிருந்தே கேஸ் கட்டுக்குள் இருந்த ஒரு காகிதத்தை வேறொரு நீதிபதி நிறுத்திப் படித்திருப்பார், அவ்வளவுதான்.

உங்கள் கதையையே எடுத்துக்கொள்வோம். ராத்திரி பதினொன்றரைக்குக் கொலை. பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு வெளியே வருகிறார். சந்திலிருந்து ஒருவன் ஓடுவதைப் பார்க்கிறார். போலீஸ் வருகிறது. எஃப்.ஐ.ஆர் ராத்திரி ஒரு மணிக்குப் போட்டதாக எழுதியிருக்கும். கொலை வழக்கில் அந்த எஃப்.ஐ.ஆரைத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். 'எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர்' என்போம். ஒரு கான்ஸ்டபிள் கையில் கொண்டுபோய் மாஜிஸ்திரேட் வீட்டிலேயே கொடுப்பார். அவர் வாங்கிய தேதியையும் நேரத்தையும் எழுதி இனிஷியல் போடுவார். காசிமேட்டிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தூரம். பைக்கில் கால் மணி நேரம். அந்த இனிஷியலுக்குப் பக்கத்தில் மறுநாள் மதியம் இரண்டு மணி என்று இருந்தால்? இடைப்பட்ட பதின்மூன்று மணி நேரத்தில் என்ன நடந்தது என்று டிஃபென்ஸ் கேட்கும். 'ஓடியவன் யார் என்று தெரியவில்லை' என்று முதலில் எழுதிய புகார் கிழிபட்டு, பெயரோடு புதுப் புகார் வந்ததா என்று கேட்கும். எனக்குத் தெரிந்து ஒரு கொலை கேஸின் உயிர்நாடி பல சமயம் அந்த ஒரு வரி நேரக்குறிப்பில்தான் இருக்கிறது. இருபதாவது நிமிடத்தில் அதை ஒரு ஷாட்டில் காட்டிவிட்டு மறந்துவிடுங்கள். கடைசியில் அதற்குத் திரும்பி வரலாம்.

அடுத்தது வெளிச்சம். ராத்திரி நடந்த எந்தக் கேஸ் கட்டைப் பிரித்தாலும் சாட்சிகளின் வாக்குமூலத்தில் 'அருகில் இருந்த மின்கம்ப விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்' என்ற வரி இருக்கும். மீன் விற்கும் அம்மா, ஆட்டோக்காரர், பள்ளிக்கூடப் பையன், எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்கள். காரணம் எளிது. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவது ஒரே ரைட்டர். அவர் யாரையும் மாட்டிவிட வேண்டும் என்று எழுதுவதில்லை. அந்த வரி இல்லாவிட்டால் இன்ஸ்பெக்டர் திட்டுவார், அதனால் எழுதுகிறார். தவறான தீர்ப்பு பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது. உங்கள் கதையில் இன்ஸ்பெக்டரை மீசை முறுக்கும் வில்லனாக எழுதியிருந்தால் அவரைக் கொஞ்சம் சாதாரண மனிதராக்குங்கள். மேலிடத்திலிருந்து மணிக்கு ஒரு போன், வாசலில் டிவி கேமரா, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். அவர் மனதார இவன்தான் செய்தான் என்று நம்புகிறார். நம்பியதால்தான் கோட்டை விடுகிறார்.

மூன்றாவது மகஜர், அதாவது ஒரு பொருளைக் கைப்பற்றும்போது போலீஸ் சாட்சிகளை வைத்து எழுதும் பத்திரம். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. இது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனால் அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27வது பிரிவு, புதுச் சட்டத்தில் 23க்குள் வருகிறது. கொலை கேஸில் போலீஸ் பெரிதும் சாய்ந்து நிற்கும் தூண் இதுதான். "என்னுடன் வந்தால் கத்தியை மறைத்து வைத்த இடத்தை அடையாளம் காட்டி எடுத்துக் கொடுக்கிறேன்" என்று அக்யூஸ்ட் சொன்னதாகச் சுத்தமான செந்தமிழில் எழுதியிருக்கும். ஐஸ் ஏற்றும் உங்கள் பையன் வாழ்நாளில் அப்படி ஒரு வாக்கியம் பேசியிருக்க மாட்டான். கத்தி எங்கே கிடைக்கிறது? அவன் அம்மா மீன் விற்கும் இடத்தில், பலகைக்கு அடியில். மீன் வெட்டும் கத்தியில் இரத்தம் இருப்பதில் என்ன அதிசயம்? அதனால் மயிலாப்பூர் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். 'மனித இரத்தம். வகை கண்டறிய இயலவில்லை' என்று அறிக்கை வரும். மீன் வெட்டுகிறவர்கள் கையை அறுத்துக்கொள்வது காசிமேட்டில் தினசரி நிகழ்ச்சி. அந்த இரத்தம் அம்மாவுடையதாக இருக்கலாம், செத்தவருடையதாகவும் இருக்கலாம். உங்கள் படத்தின் 'இருக்கலாம்' முழுவதும் அந்த ஒரு வரி அறிக்கைக்குள் இருக்கிறது. இதைவிட நல்ல சந்தேகத்தை நீங்கள் கற்பனையில் உருவாக்க முடியாது.

இந்த இடத்தில் ஒன்று கேட்கிறேன், கதை எந்த வருடம் நடக்கிறது? 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்கள். கொலைக்கு 302வது பிரிவு போய் 103 வந்துவிட்டது. சோதனை, பறிமுதல் எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும்; ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்துக்குத் தடயவியல் ஆட்கள் நேரில் வர வேண்டும் என்றெல்லாம் விதி. நடைமுறை எப்படியோ, உங்கள் மகஜர் காட்சிக்குப் பழைய காலம்தான் வசதி. 2005, 2010 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2006 வரை சென்னையின் மத்திய சிறை சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்தது, அப்புறம்தான் புழல். அதை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

போலீஸ் ஏன் உங்கள் பையனைத் தேர்ந்தெடுத்தது என்பதற்குக் கதையில் முன்பகை என்று வைத்திருக்கிறீர்கள். அவ்வளவு தேவையில்லை. பதினெட்டு வயதில் தெருச் சண்டையில் ஒரு கேஸ் இருந்தால் போதும். ஸ்டேஷனில் போட்டோ இருக்கும். எங்கே என்ன நடந்தாலும் அந்த ஆல்பத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று முகவரி இருந்தாலே பாதி சாட்சி வந்துவிட்ட மாதிரி பேசுகிற ஊர் இது. (நம் சினிமாவும் அதற்குக் கொஞ்சம் உபகாரம் செய்திருக்கிறது. கையில் கத்தி இல்லாத வடசென்னைக்காரரைத் திரையில் பார்ப்பதே அபூர்வம். உங்கள் படத்தில் கேரம் போர்டும் ஃபுட்பாலும் கொஞ்சம் வரட்டும்.)

ஆல்பத்தின் விபரீதத்துக்கு மகாராஷ்டிரத்தின் ஜால்னா வழக்கைப் படியுங்கள். 2003இல் ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் கொலை. நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு கூலிக்காரர்களைப் பிடித்தார்கள். ஹைகோர்ட் மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்ததை 2009இல் உச்ச நீதிமன்றமே மாற்றி ஆறு பேருக்கும் தூக்கு என்றது. அந்த வழக்கில் உயிர் தப்பிய பெண்மணி, போலீஸ் காட்டிய போட்டோக்களில் வேறு நான்கு பேரை முதலிலேயே அடையாளம் காட்டியிருந்தார். அந்த நான்கு பேரை யாரும் விசாரிக்கவில்லை. 2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே திரும்ப வாங்கி ஆறு பேரையும் விடுவித்தது. ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. உள்ளே கழிந்தது பதினாறு வருடம். அவர்களில் ஒருவர் சம்பவம் நடந்தபோது மைனர். நான் மேலே சொன்னேனே, காகிதம் முதலிலிருந்தே உள்ளே இருந்தது என்று, இது அப்படிப்பட்ட கேஸ்.

தமிழ்நாட்டிலும் அண்மையில் இரண்டு. 2011இல் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் ஒரு காதல் ஜோடி கொல்லப்பட்ட வழக்கு. கீழ்க்கோர்ட்டும் ஹைகோர்ட்டும் தூக்கு என்றன. முக்கிய ஆதாரம் டி.என்.ஏ. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. டி.என்.ஏ பொய் சொல்லியது என்று கோர்ட் சொல்லவில்லை. சேகரித்த டி.என்.ஏ மாதிரி எந்த நாளில் யார் கையில் எப்படி இருந்தது என்பதற்குக் கணக்கு இல்லை என்றது. அதே தீர்ப்பில்தான் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போக வேண்டும், கைமாறும் ஒவ்வொரு இடத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று நாடு முழுவதற்கும் வழிமுறை வகுத்தார்கள்.

இன்னொன்று, சொன்னால் பலருக்குக் கோபம் வரும், 2017 முகலிவாக்கம் சிறுமி கொலை வழக்கு. அந்தச் செய்தியில் இந்த ஊரே கொதித்தது. 2018இல் செங்கல்பட்டு மகிளா கோர்ட் தூக்கு விதித்தபோது எங்கள் பார் ரூமிலேயே "சரியான தீர்ப்பு" என்றுதான் பேச்சு. அதே வருடம் ஹைகோர்ட் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. குற்றச்சாட்டு பதிவான நாளில் அந்த ஆளுக்கு வக்கீலே இல்லை. தீர்ப்பு சொன்ன அன்றே தண்டனையும். சாட்சியச் சங்கிலி சந்தேகத்துக்கு அப்பால் நிரூபணமாகவில்லை என்றது கோர்ட். இறந்த குழந்தையின் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு இது எந்த வகையில் நியாயம்? ஆனால் வக்கீல் இல்லாமல் ஆரம்பித்த விசாரணையை வைத்து ஒருவரைத் தூக்கில் போடலாமா? உங்கள் படம் 'செய்தானா, இல்லையா' என்பதைத் திறந்தே விடப் போகிறதென்றால், பார்ப்பவர்களுக்கு இந்த வழக்கு கொடுத்த அதே எரிச்சலைக் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். அப்பாவி என்று தெரிந்த ஆளுக்காக அழுவது சுலபம். செய்திருக்கவும் கூடும் என்ற ஆளுக்காக வாதாடுகிற வக்கீல்தான் நிஜத்தில் அதிகம் இருக்கிறார்.

கோர்ட் காட்சிக்கு வருவோம். கத்திப் பேசுகிற "அப்ஜக்‌ஷன் யுவர் ஆனர்" எல்லாம் எங்கள் செஷன்ஸ் கோர்ட்டில் கேட்டதில்லை. குறுக்கு விசாரணை இப்படித்தான் போகும்:

"சம்பவத்தன்னிக்கு அந்தக் கம்பத்துல லைட் எரிஞ்சுதா?"

"எரிஞ்சிது சார். எரியாம எப்டி பாப்பேன்?"

"அந்த வாரம் பூரா லைட் எரியலைன்னு உங்க தெருக்காரங்க கார்ப்பரேஷன்ல புகார் குடுத்திருக்காங்க."

சாட்சி கொஞ்ச நேரம் பேச மாட்டார். பி.பி.யை, அதாவது அரசு வக்கீலைப் பார்ப்பார். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்கும் பக்கம் பார்ப்பார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது சார்."

நீதிபதி டைப்பிஸ்ட் பக்கம் திரும்பிச் சொல்வார்: "சம்பவ நாளில் மின்விளக்கு எரியவில்லை என்று சொன்னால் சரியல்ல. அது குறித்து மாநகராட்சியில் புகார் கொடுக்கப்பட்டது எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான். அந்த மௌனமும், இன்ஸ்பெக்டரைப் பார்த்த பார்வையும் காகிதத்தில் ஏறவில்லை. சாட்சி நடந்துகொண்ட விதத்தைக் குறித்துவைக்க நீதிபதிக்குச் சட்டத்தில் இடம் உண்டு, குறிப்பவர்கள் குறைவு. மேலே ஹைகோர்ட்டிலும் டெல்லியிலும் படிக்கப்போவது அந்த இரண்டு வரியை மட்டும்தான். சினிமாவுக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது. அந்த மௌனத்தை நீங்கள் காட்டலாம். மேல்கோர்ட் நீதிபதிகள் அதை ஒருநாளும் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம் 313, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு (புதுச் சட்டத்தில் 351). சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி ஒவ்வொரு சாட்சியத்தையும் அக்யூஸ்டிடம் சொல்லி "இதற்கு என்ன சொல்கிறாய்?" என்று கேட்கிற நாள். சிறையில் வருடக்கணக்காகக் கிடந்தவன் வாய் திறந்து பேசக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் பல சமயம் அதுதான். பெரும்பாலும் "பொய் சார், பொய் சார், தெரியாது சார்" என்று இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். வக்கீல் முன்கூட்டியே புழலுக்குப் போய் மனு போட்டுப் பார்த்துப் பேசியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். இலவச சட்ட உதவி வக்கீல் மோசமானவர் என்று காட்டாதீர்கள்; சிரத்தையாகச் செய்பவர்கள் நிறைய. ஆனால் கையில் ஏகப்பட்ட கேஸ், வாய்தாவுக்கு வாய்தா வழிக்காவல் போலீஸ் இல்லாமல் அக்யூஸ்டே வராத நிலை. வக்கீலும் கட்சிக்காரரும் முதல் தடவை முகம் பார்த்துப் பேசுவது கோர்ட் வராண்டாவில், விலங்கு பிடித்த கான்ஸ்டபிள் பக்கத்தில் நிற்க, என்றால் யாரைக் குறை சொல்வது?

தண்டனை நாளை நீங்கள் ஒரே வசனத்தில் கடந்திருக்கிறீர்கள். அங்கே நில்லுங்கள். குற்றவாளி என்று தீர்ப்பு சொன்ன பிறகு, என்ன தண்டனை என்று தனியாகக் கேட்டாக வேண்டும். 1980 பச்சன் சிங் தீர்ப்பிலிருந்து 'அரிதிலும் அரிதான' வழக்குக்குத்தான் தூக்கு. அதற்குக் குற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஆளையும் பார்க்க வேண்டும். 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள், சிறை நடத்தை அறிக்கை, மனநல அறிக்கை, குடும்பப் பின்னணி எல்லாவற்றையும் விசாரணைக் கோர்ட்டே வரவழைக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன்? "வயதான அம்மா இருக்கிறார், கருணை காட்டவும்" என்று ஒரு வரி, மதியம் தீர்ப்பு. உங்கள் பையனுக்காகக் கேரம் கிளப் செயலாளரோ, சுனாமியில் அவன் தூக்கிக் கரை சேர்த்த பிள்ளையோ வந்து நாலு வார்த்தை பேசியிருந்தால் தூக்கு ஆயுளாகியிருக்கும். யாரும் கூப்பிடவில்லை என்பதால் யாரும் வரவில்லை.

ஆளைப் பார்த்துத் தண்டனை மாறுவதற்கு ராயபுரமே சாட்சி. 1952 ஆளவந்தார் கொலை வழக்கு தெரிந்திருக்கும். உடல் போட் மெயில் ரயிலில், தலை ராயபுரம் கடற்கரையில். ஊரையே நடுங்க வைத்த கொலை. ஆனால் செத்தவரின் நடத்தை அப்படி, செய்த தம்பதியின் நிலைமை இப்படி என்று பார்த்த கோர்ட், கணவனுக்கு ஏழு வருடம், மனைவிக்கு மூன்று வருடம் என்று முடித்தது. அந்தக் கணவன் மனைவி இடத்தில் ஐஸ் ஏற்றுகிற ஒருவன் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அதற்கு முன் வேப்பேரியில் நடந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கு இன்னும் பிரபலம். 1944 நவம்பரில் கத்திக்குத்து. சினிமா நட்சத்திரங்கள் தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் 1945இல் ஜூரி முன் நடந்த விசாரணையில் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய்த் திரும்பி வந்து 1947இல் விடுதலை. இங்கேயும் புதிய கொலையாளி கிடைக்கவில்லை; அப்ரூவர் (குற்றத்தில் பங்கிருந்து அரசுத் தரப்புக்கு மாறியவர்) சாட்சியம் முதலான அதே ஆதாரங்களைத்தான் திரும்ப எடைபோட்டார்கள். அவ்வளவு பேரும் பணமும் இருந்தவர்களுக்கே இரண்டு வருடத்துக்கு மேல் ஜெயில்.

தூக்குக்குப் பிறகு உங்கள் கதையில் நேராகக் கருணை மனு வருகிறது. நடுவில் பெரிய படிக்கட்டு இருக்கிறது. செஷன்ஸ் கோர்ட் கொடுத்த தூக்கு ஹைகோர்ட் உறுதி செய்யாமல் செல்லாது. அப்பீல் போடாவிட்டாலும் கட்டு தானாக மேலே போகும். நம் ஹைகோர்ட்டில் அதற்கு 'ஆர்.டி.' என்று நம்பர் விழும். இரண்டு நீதிபதிகள் கேட்பார்கள். அப்புறம் உச்ச நீதிமன்றத்தில் மூன்று பேர். மறுசீராய்வும் 2014 முதல் திறந்த கோர்ட்டில்தான். அதன் பிறகு ஆளுநர், குடியரசுத் தலைவர். கருணை மனு தள்ளுபடியானதைச் சொல்லி, குறைந்தது 14 நாள் விட்டுத்தான் தேதி குறிக்க முடியும். இத்தனையும் முடியும் முன் தனிச்செல்லில் அடைக்கவும் கூடாது. தூக்கு விதித்த அன்றே பையன் இருட்டறையில் தனியாக இருக்கும் காட்சியை எடுத்துவிடுங்கள். பேனா நிப்பை உடைப்பது வழக்கமாகச் சொல்லப்படுவதுதான், சட்டத்தில் இல்லை. வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள்; விசில் வரும்.

இந்தப் படிக்கட்டில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பதற்கு டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. 2000 முதல் 2015 வரை கீழ்க்கோர்ட்டுகள் விதித்த தூக்கில் மேலே நிலைத்தது 5 சதவீதத்துக்கும் குறைவு. சுமார் 30 சதவீதம் பேர் முழு விடுதலை. மேல்கோர்ட் காப்பாற்றிவிடுகிறது என்று இதைப் பார்த்துச் சிலர் நிம்மதி அடைவார்கள். எனக்கு அந்த 30 சதவீதம்தான் பயமாக இருக்கிறது. மேலேயும் தவறு நடந்திருக்கிறது: 1996இல் ராஜஸ்தானில் ராவ்ஜி என்பவரைத் தூக்கிலிட்டார்கள், அவர் வழக்கில் பின்பற்றிய அணுகுமுறையே பச்சன் சிங் தீர்ப்புக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் சொன்னது. 2012இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர் அதைச் சுட்டிக்காட்டிக் குடியரசுத் தலைவருக்கே கடிதம் எழுதினார்கள்.

'இருக்கலாம்' என்ற உங்கள் சந்தேகத்துக்கு நெருக்கமான வழக்கு கொல்கத்தாவின் தனஞ்சய் சாட்டர்ஜி. அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி. 1990இல் அங்கே ஒரு மாணவி கொலை. நேரில் பார்த்த சாட்சி கிடையாது. ஒரு சட்டைப் பொத்தான், ஒரு செயின், காணாமல் போய்க் கிடைத்த கைக்கடிகாரம் என்று சந்தர்ப்ப சாட்சியம். நான் செய்யவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். 2004 ஆகஸ்ட் 14 அன்று தூக்கு. பிறகு அங்குள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனப் பேராசிரியர்கள் அதே கட்டைப் பிரித்துப் படித்து, அதிலிருந்தே கேள்விகளை அடுக்கினார்கள். பதில் சொல்ல ஆள் இல்லை.

பேரறிவாளன் விஷயமும் அப்படித்தான் திறந்தே நிற்கிறது. போலீஸிடம் சொன்னது செல்லாது என்ற விதிக்கு விலக்காக, பயங்கரவாதத் தடுப்புக்கான தடா சட்டத்தில் போலீஸ் எஸ்.பி. பதிவு செய்த வாக்குமூலமே சாட்சியம் ஆனது. தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக, அதைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜனே 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தில் விடுவித்தபோதும், நிரபராதி என்று எழுதவில்லை. 19 வயதில் உள்ளே போனவர்.

ஆகவே என் யோசனை: உண்மைக் கொலையாளியை வெட்டிவிடுங்கள். டெல்லியில் ஒரு சாதாரண மதிய நேரத்தில், நடுவில் உட்கார்ந்த நீதிபதி மாஜிஸ்திரேட்டின் அந்த இனிஷியலைப் பார்த்து, "எஃப்.ஐ.ஆர் ஏன் மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தது?" என்று கேட்கட்டும். அரசு வக்கீல் கட்டைப் புரட்டட்டும். விடுதலையா, ஆயுளா, தள்ளுபடியா என்பது உங்கள் இஷ்டம். விடுதலை என்றால், வெளியே வந்தவனுக்கு இழப்பீடு தரத் தனிச் சட்டம் இன்னும் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்ட ஆணையம் 2018இல் தன் 277வது அறிக்கையில் பரிந்துரைத்ததோடு நிற்கிறது.

எழுதுவதற்கு முன் ஒரு வாரம் செஷன்ஸ் கோர்ட்டில் வந்து உட்காருங்கள். குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்குகள் மாதிரி சிலவற்றைத் தவிர எல்லாம் திறந்த கோர்ட்தான், யாரும் தடுக்க மாட்டார்கள். போனை அணைத்துவிடுங்கள். பெஞ்ச் கிளார்க்கிடம் பணிவாக, எந்தக் கேஸில் 313 கேள்வி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு அந்த நாளில் போங்கள். பின் வரிசையில் உட்காராதீர்கள், மின்விசிறிச் சத்தத்தில் அக்யூஸ்ட் பேசுவது காதில் விழாது.